இரண்டு ரோயிங் மெஷினிலும் லீவர் 10-ல்தான் இருந்தது, ஒன்று மட்டும் இடுப்பைப் பிடித்துவிட்டது, ஏன்?

கோவை_47 (ஞாயிறு, இரவு 9:40)

வணக்கம். ரோயிங் மெஷின், அதாவது உட்கார்ந்தபடியே துடுப்பு வலிப்பது போலக் கைப்பிடியை இழுக்கும் உடற்பயிற்சி மெஷின், பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் ஒரு வழி சொல்லுங்கள். முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்ந்தபடிதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சின்ன ஜிம் ஒன்று உண்டு. இரண்டு டிரெட்மில், அதில் ஒன்றில் யாரோ தினமும் துண்டு காயப்போடுவார்கள். மூலையில் பழைய கான்செப்ட் 2 ரோயிங் மெஷின். முழங்கால் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது, ஓட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் ஆடி மாதம் அதில் உட்கார ஆரம்பித்தேன். உட்கார்ந்த முதல் நாளே மூன்றாம் மாடிப் பையன் ஒருவன் வந்து, “அங்கிள், லீவரை 10-ல வைங்க, அதுதான் ஃபுல்லு” என்று தானே தள்ளிவிட்டுப் போனான். அன்றிலிருந்து 10-ல்தான் இழுக்கிறேன். வாரம் நான்கு நாள் 5000 மீட்டர். இருபத்தைந்து, இருபத்தாறு நிமிடம் ஆகும். வேர்க்கும், மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஒரு வலியும் கிடையாது.

போன மாதம் அலுவலகத்தில் புது ஜிம் திறந்தார்கள். அதே கம்பெனி மெஷின், பிளாஸ்டிக் உறை பிரித்த வாசனை கூடப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, என்னைவிட இருபது வயது சின்னவர்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அனுபவசாலி போல லீவரை 10-க்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, ஈரம் பட்ட சிமெண்ட் மூட்டையை இழுப்பது போல இருந்தது. எழுந்து போயிருக்கலாம். வீம்பு விடவில்லை. 5000 மீட்டரை 27 நிமிடம் 10 நொடியில் முடித்தேன். சனிக்கிழமை காலையில் குனிய முடியவில்லை. என் மனைவிதான் சாக்ஸ் மாட்டிவிட்டாள். இந்த ஜென்மத்தில் இதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டாள்.

அதே கம்பெனி, அதே 10. எப்படி இவ்வளவு வித்தியாசம் வரும்? புது மெஷினில் ஏதாவது கோளாறா? எனக்கு வயது 47, எடை 78 கிலோ, உயரம் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேலே. நான் எந்த எண்ணில் வைக்க வேண்டும்? இன்னொன்றும் மனதை அரிக்கிறது. லீவரை 3, 4 என்று இறக்கிவிட்டு 5000 மீட்டர் போனேன் என்று சொன்னால் அது ஏமாற்று வேலை ஆகாதா?

இரும்பு_மூச்சு (ஞாயிறு, இரவு 10:05)

ப்ரோ, சிம்பிள். புது மெஷின் டைட்டாத்தான் இருக்கும், போகப்போக லூஸ் ஆயிடும். 10-லயே தொடருங்க, உடம்பு பழகிடும். 5-க்குக் கீழே வைக்கிறதெல்லாம் தாத்தா பாட்டிகளுக்கு.

பழைய_துடுப்பு (திங்கள், காலை 6:20)

நான் தாத்தாதான், 64 வயது. அதனால் தைரியமாகப் பேசலாம்.

தம்பி, முதலில் இடுப்பைப் பாருங்கள். வலி இடுப்போடு நிற்கிறதா, பின்தொடை வழியாகக் காலுக்கு இறங்குகிறதா? இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ நாங்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வெறும் பிடிப்புதான் என்றால் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும். அது முழுக்க விடும்வரை மெஷின் பக்கம் போக வேண்டாம்.

புது மெஷினில் கோளாறு எதுவும் இருக்காது. இறுக்கமாகவும் இல்லை, நாளாக ஆகத் தளரப்போவதும் இல்லை. என் சந்தேகமெல்லாம் உங்கள் குடியிருப்பில் இருக்கும் பழைய மெஷின் மேல்தான்.

சக்கரக் கூண்டின் பக்கத்தில் இருக்கும் லீவரை எல்லோரும் ஜிம்மில் இரும்புத் தட்டு ஏற்றுவது போல நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் காற்று வாசல். 10-ல் வைத்தால் கதவு அகலத் திறந்திருக்கிறது, 1-ல் கிட்டத்தட்ட சாத்தியிருக்கிறது. உள்ளே சுற்றுவது ஒரு விசிறிச் சக்கரம். நிறையக் காற்று உள்ளே வந்தால் அத்தனையையும் அது தள்ள வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீங்கள் இழுத்து முடித்துக் கைப்பிடியைத் திரும்பக் கொண்டுபோகிறீர்களே, அந்த ஒன்றிரண்டு நொடிக்குள் சக்கரம் வேகமாகச் சோர்ந்துவிடும். அடுத்த இழுப்பில் அந்தச் சோர்ந்த சக்கரத்தை நீங்கள் மறுபடி கிளப்ப வேண்டும். முதுகு மாட்டிக்கொள்வது அந்தக் கணத்தில்தான். கால் உந்துவதற்கு முன்பே உடம்பு அவசரப்பட்டு முதுகால் தூக்கப் பார்க்கும்.

ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருக்கிறீர்களா? ஆறு பேரை ஏற்றிய பரிசலைத் தள்ளுவது 10. பந்தயத்துக்கென்று செய்த மெல்லிய படகு 1. பரிசலை ஒரு தள்ளு தள்ளினால் சீக்கிரம் நின்றுபோகும், மறுபடி முக்க வேண்டும். பந்தயப் படகு வழுக்கிக்கொண்டு ஓடும், அதைப் பிடிக்கக் கால் சுறுசுறுப்பாக உந்த வேண்டும். இரண்டிலும் வேலை உண்டு, வேலையின் ஜாதிதான் வேறு.

இப்போது உங்கள் புதிருக்கு வருகிறேன். லீவரில் எழுதியிருக்கும் 1 முதல் 10 வரையிலான எண் கதவின் அளவு மட்டுமே. உள்ளே உண்மையில் எவ்வளவு காற்று போகிறது என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. அதில் பெரியது தூசி. காற்று நுழையும் இடத்தில் சின்னச் சின்ன ஓட்டை போட்ட தகடு இருக்கும். வருஷக்கணக்கில் துண்டு நூலும் தலைமுடியும் தூசியும் அதில் கம்பளி போலப் படிந்துவிடும். அப்புறம் நீங்கள் கதவை 10-க்குத் திறந்தாலும் திரை போட்ட ஜன்னல் மாதிரிதான். இடமும் கணக்கில் வரும். ஊட்டியில் காற்று அடர்த்தி குறைவு, அங்கே சென்னையின் 5 கொஞ்சம் இளகலாகத் தெரியும்.

இதற்காகத்தான் மானிட்டருக்குள் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்கிறது என்பதை அது ஒவ்வொரு தடவையும் அளக்கிறது. அதிலிருந்து வரும் எண்ணுக்கு டிராக் ஃபேக்டர் என்று பெயர். மெயின் மெனுவில் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ போய் ‘டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்’ அழுத்துங்கள். அப்புறம் நிறுத்தாமல் ஐந்தாறு முறை இழுங்கள், எண் வந்து நிற்கும். லீவரை ஏற்றி இறக்கி மறுபடி இழுத்தால் எண்ணும் மாறும். என் வீட்டு மெஷினைச் சுத்தம் செய்த மறுநாள் 10-ல் 200-க்கு மேல் காட்டும், 1-ல் 90 பக்கம் வரும். இரண்டு மெஷினிலும் இதைச் செய்து பார்த்து இங்கே எழுதுங்கள். இழுத்துக் காட்டும் வேலையை இடுப்பு நன்றாக இருக்கும் யாரிடமாவது கொடுங்கள்.

எந்த எண் என்று கேட்டீர்கள். 110-ல் ஆரம்பியுங்கள். போகப்போக 120, 125 என்று ஏற்றினால் ஏற்றுங்கள், அவசரமில்லை. சுத்தமான மெஷினில் அது லீவர் 3-க்கும் 5-க்கும் நடுவே எங்காவது வரும். கம்பெனிக்காரர்களே புதியவர்களுக்கு 3-லிருந்து 5 வரை என்றுதான் சொல்கிறார்கள்.

ஏமாற்று வேலையா என்றால், இல்லை. ஏமாற்றவே முடியாது. சக்கரம் எவ்வளவு காற்றோடு மல்லுக்கட்டுகிறது என்று மானிட்டருக்குத் தெரியும். அதை வைத்து நீங்கள் கொடுத்த சக்தியைக் கணக்கிட்டு, அந்தச் சக்தியைத்தான் தூரமாக மாற்றிக் காட்டுகிறது. லீவர் எங்கே இருந்தாலும் 500 மீட்டருக்கு 2:30 என்று திரையில் வந்தால் நீங்கள் கொடுப்பது ஏறத்தாழ 104 வாட். 2:00 வர வேண்டுமானால் 203 வாட். அரை நிமிடம் குறைக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி! வேகத்தின் முப்படிக்குச் சக்தி கேட்கும் காற்றின் குணம் அது. கனமாக வேண்டுமென்றால் லீவரைத் தொட வேண்டியதில்லை, வேகமாக உந்தினாலே போதும், மெஷின் தானாகக் கனமாகும்.

இரும்பு_மூச்சு தம்பிக்கு ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியப் படகு வீரர் ஜோஷ் டங்க்ளி-ஸ்மித் 2018-ல் இந்த மெஷினில் 2000 மீட்டரை 5 நிமிடம் 35.8 நொடியில் முடித்தார். அந்த ரகப் படகு வீரர்கள் பெரும்பாலோர் அன்றாடப் பயிற்சியில் 10-க்குப் போவதே இல்லை. பத்துப் பதினைந்து இழுப்பு, பலத்துக்காக, நடுவே நல்ல ஓய்வோடு என்றால் 10-ல் செய்யலாம், தப்பில்லை. அதை வைத்துக்கொண்டு 5000 மீட்டர் போவது வேறு கதை.

நானும் அந்தக் கதையில் இருந்தவன்தான். கல்லூரி நாளில் அடையாற்றில் படகு வலித்திருக்கிறேன், அங்கே மெட்ராஸ் போட் கிளப் 1867-லிருந்து இருக்கிறது. அந்தத் திமிரில் ஐம்பத்தெட்டு வயதில் மெஷின் வாங்கியதும் லீவரை 10-ல் வைத்தேன். மூன்றாவது வாரம் விலாவில் வலி. தும்மினால் உயிர் போகும். ஒன்றரை மாதம் சும்மா இருந்தேன்.

சிங்கை_அக்கா (திங்கள், மதியம் 1:15)

ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் அடுக்குமாடி வீட்டில் காற்று மெஷின் வைத்தால் அந்த ‘விஷ்... விஷ்...’ சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். அதனால் காந்த மெஷின் வாங்கினேன். திருகு ஒன்று, 16 நிலை. டிராக் ஃபேக்டர் எல்லாம் கிடையாது. நான் 6-ல் இழுக்கிறேன். கோவைத் தம்பியின் 10-ஐவிட இது கூடவா குறைவா?

பழைய_துடுப்பு (திங்கள், மாலை 5:50)

ஒப்பிடவே முடியாது அம்மா. உங்கள் திருகு காந்தத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது, தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான். அந்த 6 உங்கள் மெஷினின் 6. இன்னொரு கம்பெனியின் 6 கூட அதற்குச் சமம் இல்லை. காற்று மெஷின் போல வேகமாக இழுக்க இழுக்கக் கனம் ஏறிக்கொண்டே போகும் சுபாவமும் அதற்கு அந்த அளவுக்கு இருக்காது. அதனால் உங்கள் மாதிரி மெஷினில் திருகுக்கு மதிப்பு அதிகம்.

எண்ணை விட்டுவிட்டு உடம்பைக் கேளுங்கள். நிமிடத்துக்கு 20 இழுப்பு, பத்து நிமிடம். முடித்து எழும்போது தொடை களைத்திருந்தால் சரி. தொடை சும்மா இருந்து இடுப்போ முன்கையோ களைத்திருந்தால் ஒரு நிலை இறக்குங்கள். கால் உந்தும்போது பிடி கிடைக்காமல் வெறுமனே நழுவினால் ஒரு நிலை ஏற்றுங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டி வைத்த மெஷினில் திருகுக்குப் பதில் தண்ணீரின் அளவு. கூடுதலாக ஊற்றினால் படகு கனம். தொட்டியை வெயிலில் வைத்துவிட்டு, பாசி பிடித்துவிட்டது என்று என்னிடம் புலம்பியவர்கள் உண்டு.

சிங்கை_அக்கா (திங்கள், இரவு 9:30)

பார்த்தேன் ஐயா. 6-ல் எனக்கு முன்கைதான் களைத்தது. 4-க்கு இறக்கியதும் தொடை பேச ஆரம்பித்தது. இத்தனை மாதமாகக் கையாலேயே இழுத்திருக்கிறேன் போல!

கோவை_47 (வியாழன், இரவு 10:10)

வலி காலுக்கு இறங்கவில்லை. நேற்றோடு முழுக்க விட்டுவிட்டது. சாக்ஸ் நானே போட்டுக்கொள்கிறேன்.

ஐயா சொன்ன எண்ணைப் பார்த்தேன். அலுவலகத்தில் ஒரு பையனை உட்கார வைத்து இழுக்கச் சொன்னேன். லீவர் 10: டிராக் ஃபேக்டர் 207. வீட்டுக்கு வந்து மூன்றாம் மாடிப் பையனையே பிடித்து இழுக்கச் சொன்னேன். லீவர் 10: 124!

நான்கு மாதமாக நான் ‘ஃபுல்லு’ என்று நினைத்து இழுத்தது 124. அலுவலக மெஷினில் அந்த 124 எங்கே வருகிறது என்று பார்த்தால், 4-க்குக் கொஞ்சம் மேலே. ஆக, ஐயா சொல்லும் எண்ணில்தான் நான் இவ்வளவு நாளும் இழுத்திருக்கிறேன். தூசி புண்ணியத்தில் தப்பித்தேன்.

டார்ச் அடித்து ஓட்டைத் தகடு வழியாகப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பூனை படுத்திருப்பது போல இருந்தது. செயலாளரிடம் சொன்னால், “ஏனுங்க, ஓடுற மெஷினை எதுக்குங்க நோண்டணும்” என்கிறார். திறந்து சுத்தம் செய்யலாமா?

பழைய_துடுப்பு (வெள்ளி, காலை 6:05)

திறக்காமலே பாதி வேலை முடியும். வேக்குவம் கிளீனர் வாயை ஓட்டைத் தகட்டின் மேல் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். மீதிக்குக் கூண்டின் திருகுகளைக் கழற்ற வேண்டும், கஷ்டமில்லை, ஆனால் பொதுச் சொத்து, செயலாளர் தலையாட்டிய பிறகு செய்யுங்கள். கூண்டைத் தொட்ட கையோடு செயினையும் பாருங்கள். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை ஒரு துணியில் கொஞ்சம் மினரல் ஆயில் நனைத்துத் துடைத்தால் போதும். இருக்கை ஓடும் தண்டவாளத்தைத் தினமும் துடைக்க வேண்டும், கறுப்பாக வரும் பாருங்கள்.

மெஷின் சரியானாலும் முதுகு மறுபடி பிடிக்கலாம், அதனால் இதையும் சொல்கிறேன். கால் வார் எங்கே வருகிறது? பெருவிரலுக்குக் கீழே பாதம் மடங்குமே, அந்த இடத்தின் மேல் வர வேண்டும். வார் விரல் நுனிக்கோ கணுக்காலுக்கோ போனால் கால் பலகையை ஓட்டை மாற்றிப் போடுங்கள். முன்னால் போகும்போது முழங்காலுக்குக் கீழே கால் செங்குத்தாக நிற்கும் இடத்தோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் சுருள வேண்டாம். உந்தும்போது கால், அப்புறம் இடுப்பிலிருந்து உடம்பு, கடைசியில் கை. திரும்பும்போது கை, உடம்பு, கால். திரும்புவதற்கு உந்தும் நேரத்தைப்போல இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தப்பு செய்வது அங்கேதான், ரயிலைப் பிடிப்பது போல முன்னால் பாய்வார்கள்.

இரும்பு_மூச்சு (வெள்ளி, இரவு 11:20)

எங்க ஜிம் மெஷின்ல செக் பண்ணேன். 10-ல 141. நானும் இத்தனை நாள் அதை ஃபுல்லுன்னு நினைச்சேன். சாரி தாத்தா.

கோவை_47 (ஞாயிறு, மாலை 6:30)

செயலாளர் தலையாட்டினார், “கெடுத்தா நீங்கதான் வாங்கிக் கொடுக்கணுங்க” என்ற நிபந்தனையோடு. இன்று காலை வேக்குவம் கிளீனர், ஸ்க்ரூடிரைவர், மூன்றாம் மாடிப் பையன் மூவரோடும் இறங்கினேன். அவனுக்கு முகமூடி மாட்டிவிட்டேன். கூண்டைக் கழற்றியதும் வந்தது ஒரு பிளாஸ்டிக் பை நிறைய. அதில் ஒரு குழந்தையின் ஹேர் பேண்டும் இருந்தது. அது எப்படி உள்ளே போனது என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

மாட்டிவிட்டுப் பார்த்தோம். 10-ல் 196. லீவரை 4-க்கு இறக்கினேன், 116. அதில் பத்து நிமிடம் மட்டும் இழுத்தேன், நிமிடத்துக்கு 20. வேகம் 2:34. முதலில் பிடி நழுவுவது போலத்தான் இருந்தது. திரும்புவதை நிதானப்படுத்தியதும் கால் தானாகச் சக்கரத்தைப் பிடித்தது. முதுகு சும்மா இருந்தது.

மதியம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “ரோயிங் மெஷினை யாரோ நோண்டி டைட் செய்துவிட்டார்கள். 10-ல் இழுக்கவே முடியவில்லை. முன்பிருந்தது போல மாற்றித் தரவும்.” அதற்கு இதுவரை பதினோரு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள். அதில் ஒருவர்கூட அந்த மெஷினில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஐயா, பதில் என்ன எழுதுவது?

பழைய_துடுப்பு (ஞாயிறு, இரவு 7:15)

பதில் எழுதாதீர்கள். மெஷின் மேலேயே ஒரு காகிதம் ஒட்டுங்கள்: ‘முன்பிருந்த 10 இப்போது 4-ல் இருக்கிறது.’ அந்த ஹேர் பேண்டையும் அதன் பக்கத்தில் மாட்டி வையுங்கள், உரியவர் எடுத்துக்கொள்ளட்டும்.